முறிந்த முனைகள்

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 44 வயது. அறுவை சிகிச்சைக்கு முன்பு மருத்துவமனையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று அதில் கேட்டிருந்தது. "எங்க வழியில யாருக்கும் இல்லம்மா" என்றாள் அம்மா. அக்காவின் மாமியார் அதை நம்பவில்லை. மகளுக்கு வருவது தாயிடமிருந்துதானே வரும் என்பது அவருடைய கணக்கு. வராந்தாவில் உட்கார்ந்தபடி, அம்மாவின் காதில் விழும்படியாகவே, "பொண்ணு எடுக்கும்போது தாயப் பாத்து எடுக்கணும்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். அம்மா பதில் பேசவில்லை. அன்று இரவு, தன் அம்மா, பெரியம்மா, சித்திகள் ஒவ்வொருவராக எந்த வயதில் எப்படிச் செத்தார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். கூண்டில் ஏற்றப்பட்டவள் சாட்சி சொல்வதுபோல இருந்தது.

சில வாரங்களில் மரபணுப் பரிசோதனையின் முடிவு வந்தது. பி.ஆர்.சி.ஏ.1 என்னும் மரபணுவில் பிழை. உடைந்த டி.என்.ஏ.வைச் செப்பனிடும் வேலையில் பங்குள்ள மரபணு அது என்று ஆலோசகர் விளக்கினார். "இது அம்மா வழியிலதான் வரணும்னு இல்ல. அப்பா வழியிலயும் வரும்" என்றார். அம்மாவின் ரத்தத்தையும் எடுத்துப் பார்த்தார்கள். அவளிடம் அந்தப் பிழை இல்லை. அப்பா இறந்து அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

நான் தமிழ் படித்தவள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு உயிரியல் புத்தகத்தைத் தொட்டதில்லை. அந்த அறிக்கையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கேள்விகளோடு படிக்க ஆரம்பித்தேன். நம் உடலுக்குள் என்ன உடைகிறது, எப்படி ஒட்டுகிறது? இதை முதலில் பார்த்தவர்கள் யார்?

இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதிலில் பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

*

டி.என்.ஏ.வின் வடிவம் 1953இல்தான் உலகுக்குத் தெரிந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, முறிந்த முனைகள் ஒன்றையொன்று கண்டடைந்து ஒட்டிக்கொள்கின்றன என்று பார்பரா மெக்ளின்டாக் எழுதிவிட்டார். 1902இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபர்டில் பிறந்தவர். பிறந்தபோது வைத்த பெயர் எலினார். அது மென்மையான பெண்ணுக்குரிய பெயர், இவளுக்குப் பொருந்தாது என்று பெற்றோர் பார்பரா என்று மாற்றிவிட்டார்கள். கல்லூரிக்கு அனுப்பினால் கல்யாணம் ஆகாமல் போய்விடும் என்று தாய்க்குப் பயம். தந்தை துணைநின்றதால் 1919இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1927இல் தாவரவியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவர் எடுத்துக்கொண்ட பயிர் மக்காச்சோளம். 1931 கோடையில் மிசௌரிக்குப் போனார். அங்கே லூயிஸ் ஸ்டாட்லர் சோளத்தின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அதனால் பயிரில் உண்டாகும் மாற்றங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். மெக்ளின்டாக் அந்தச் செடிகளின் செல்களை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். கதிர் பட்ட குரோமோசோம்கள் உடைந்திருந்தன. ஆனால் உடைந்தவை உடைந்தபடியே கிடக்கவில்லை. சில துண்டுகள் இடம் மாறி வேறொன்றின் முனையோடு சேர்ந்திருந்தன. சில, தம் இரு முனைகளையும் ஒன்றாக்கி வளையமாகியிருந்தன.

1938 முதல் 1941 வரை வெளிவந்த கட்டுரைகளில் இதை அவர் விரிவாக விளக்கினார். முனை முறிந்த குரோமோசோம் இரட்டிக்கும்போது இரண்டு படிகளுக்கும் முறிந்த முனைதான் இருக்கும். அந்த இரண்டு முனைகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. செல் பிரியும் நேரத்தில் இரு துருவங்களும் அதை இரு பக்கமும் இழுக்கின்றன. நடுவில் பாலம்போல நீண்டு, தாங்காமல் அறுந்துபோகிறது. அறும் இடம் முன்பு ஒட்டிய இடமாகவே இருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரு செல்லுக்குக் கூடுதலாகவும் மற்றதற்குக் குறைவாகவும் போய்ச் சேர்கிறது. அடுத்த முறையும் ஒட்டுகிறது, இழுபடுகிறது, அறுகிறது. சோளமணியின் தோலில் படர்ந்த வண்ணத் திட்டுகளைப் பார்த்தே, உள்ளே எத்தனை முறை இந்த இழுபறி நடந்தது என்பதை அவரால் சொல்ல முடிந்தது.

அவர் கண்ட இன்னொன்றும் உண்டு. மணியின் மாவுப்பகுதியில் ஓயாமல் நடக்கும் இந்தச் சுழற்சி, கருவில் நின்றுவிடுகிறது. அங்கே முறிந்த முனை ஆறிவிடுகிறது. எப்படி ஆறுகிறது என்பது தெரிய நெடுங்காலம் ஆயிற்று. 1984இல் எலிசபெத் பிளாக்பர்னும் அவருடைய மாணவி கேரல் கிரைடரும் குரோமோசோம் முனைகளுக்குக் காப்பு கட்டும் டெலோமரேஸ் என்னும் நொதியைக் கண்டார்கள். அதன் முதல் தடயத்தைக் கிரைடர் பார்த்தது கிறிஸ்துமஸ் நாளன்று.

மெக்ளின்டாக்கின் கதையைப் பெண்ணியவாதிகளான நாம் பெரும்பாலும் ஒரே மாதிரி சொல்கிறோம். இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களைக் கண்டார், 1951இல் அறிவித்தார், யாரும் நம்பவில்லை, ஒதுங்கிக்கொண்டார், 1983இல் நோபல் வந்தது. வகுப்பில் நானும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது படித்தபோது இடையில் நான் எதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று தெரிந்தது. 1944இலேயே அவர் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945இல் மரபியல் சங்கத்தின் முதல் பெண் தலைவர் ஆனார். யாருக்கும் தெரியாத பெண்ணாக அவர் ஒருநாளும் இருந்ததில்லை. அவருடைய ஆற்றலை எல்லோரும் அறிந்திருந்தும் 1930களில் நிலையான வேலை கிடைக்காமல் ஆராய்ச்சி உதவித்தொகைகளை நம்பி அலைந்தார் என்பதுதான் கூடுதலாகச் சுடும் உண்மை. அடையாளம் தெரியாதவளைப் புறக்கணிப்பது ஒரு வகை அநீதி. தெரிந்துகொண்டே வாசலில் நிற்கவைப்பது வேறு வகை. முன்னதைச் சொன்னால் கேட்பவர் உச்சுக்கொட்டுவார், கதை எளிதாக முடியும். பின்னதைச் சொன்னால், நாம் வேலைபார்க்கும் கல்லூரிகளைப் பற்றியும் பேசவேண்டி வரும்.

நோபல் ஏற்புரையில் அவர் பேச்சைத் தொடங்கியது தாவும் மரபணுக்களிலிருந்து அல்ல. முறிந்த முனைகளிலிருந்துதான். தன் உட்கருவில் ஒரு முனை முறிந்திருப்பதைச் செல் உணர்கிறது, இரண்டு முனைகளை அருகருகே கொண்டுவந்து சேர்க்கிறது என்பதே அவர் அங்கே வலியுறுத்தியது. அப்போது அவருக்கு வயது 81.

*

செல் எப்படிச் சேர்க்கிறது?

நம் செல் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீள டி.என்.ஏ. 46 குரோமோசோம்களாகச் சுருண்டு கிடக்கிறது. முறுக்கிய ஏணிபோல இரண்டு இழைகள். ஒன்று மட்டும் அறுந்தால் பெரிய கவலை இல்லை. எதிர் இழையில் என்ன எழுத்து இருக்கிறதோ அதைக் கொண்டு இதை நிரப்பிவிடலாம். கதிர்வீச்சோ வேதிப்பொருளோ செல் இரட்டிக்கும்போது நேரும் தடுமாற்றமோ, இரண்டு இழைகளையும் ஒரே இடத்தில் அறுத்துவிட்டால்தான் ஆபத்து. பார்த்து எழுத எதிரில் எதுவும் இல்லை. இரண்டு முனைகளும் தனித்தனியே விலகிப் போகலாம்.

இதற்குச் செல்லிடம் முதன்மையாக இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழியைப் படித்தபோது எனக்கு இலக்கண வகுப்பு நினைவுக்கு வந்தது. முறிந்த இரண்டு முனைகளையும் நேராக ஒட்டுவது. நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சேரும் புணர்ச்சி. முனை ஒவ்வொன்றின் மீதும் ஒரு புரதம் மோதிரம்போல வந்து மாட்டிக்கொள்கிறது. அது வேறு புரதங்களை அழைத்து இரண்டு முனைகளையும் அருகே பிடித்து நிறுத்துகிறது. முனை சிதைந்திருந்தால் நறுக்கப்படுகிறது. இடைவெளி இருந்தால் சில எழுத்துகள் சேர்க்கப்படுகின்றன. கடைசியாக லைகேஸ் என்னும் நொதி ஒட்டி மூடுகிறது. சில நேரம் ஓர் எழுத்தும் மாறாமல் பொன்மலைபோல இயல்பாகச் சேரும். சில நேரம் வாழைப்பழத்தில் ஒற்று வந்ததுபோல ஒன்று தோன்றும். மட்குடத்தில்போல ஒன்று திரியும். மரவேரில்போல ஒன்று கெடும்.

ஆனால் ஒப்புமை அங்கேயே முடிகிறது. புணர்ச்சிக்கு விதி இருக்கிறது. மரவேர் என்பதைக் கொடுத்துப் பிரித்து எழுதுக என்றால் எட்டாம் வகுப்புப் பிள்ளை மரம், வேர் என்று மகரத்தை மீட்டுத் தந்துவிடும். செல் ஒட்டிய இடத்தை அப்படிப் பிரித்து எழுத முடியாது. கெட்ட எழுத்து எது என்று சொல்ல யாரும் இல்லை. பார்ப்பதற்கு முழுமையாக இருக்கும். உள்ளே ஒரு சொல் போயிருக்கும்.

எல்லா இழப்பும் கேடு என்றும் சொல்லிவிட முடியாது. நம் எதிர்ப்புச் செல்கள் வளரும்போது, உடலே தன் டி.என்.ஏ.வைச் சில இடங்களில் வேண்டுமென்றே வெட்டுகிறது. இதே ஒட்டுவேலை முனைகளைச் சற்று நறுக்கியும் கூட்டியும் சேர்ப்பதால்தான் எண்ணற்ற விதமான எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. இதுவரை காணாத கிருமியையும் எதிர்கொள்ளும் திறன் அந்தத் துல்லியமின்மையிலிருந்து வருகிறது.

இரண்டாவது வழி ஏட்டுச்சுவடி பதிப்பிப்பவர்கள் அறிந்த வழி. ஓர் ஏட்டில் நடுவே அழிந்துபோன அடியை நிரப்ப உ.வே.சாமிநாதையர் போன்றவர்கள் ஊர் ஊராக அலைந்து அதே நூலின் வேறு படிகளைத் தேடினார்கள். ஊகித்து நிரப்புவது வேறு, இன்னொரு படியைப் பார்த்து நிரப்புவது வேறு. செல்லும் இதைச் செய்கிறது. டி.என்.ஏ. இரட்டித்திருக்கும் வேளையில், முறிந்த இழையின் அருகிலேயே அதன் மற்றொரு படி இருக்கிறது. பாடநூல் அந்த இரண்டு படிகளையும் சகோதரி குரோமாட்டிடுகள் என்கிறது. முதலில் முறிந்த முனைகளில் ஓர் இழை அரிக்கப்பட்டு மறு இழை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தத் தொடக்க வேலைக்கு பி.ஆர்.சி.ஏ.1 உதவுகிறது. நீட்டிய இழையின் மீது ராட்51 என்னும் புரதத்தை பி.ஆர்.சி.ஏ.2 ஏற்றிவைக்கிறது. அந்த இழை சகோதரியிடம் போய்த் தனக்கு நிகரான இடத்தைக் கண்டு, அங்கிருந்து படித்து எழுதிக்கொண்டு திரும்புகிறது. எழுத்துப் பிசகாமல் முறிவு சேர்கிறது.

அக்காவின் உடலில் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுவுக்கு இரண்டு படிகள். அப்பாவிடமிருந்து வந்தது பழுது. அம்மாவிடமிருந்து வந்தது நல்லது. 44 ஆண்டுகள் அவளைக் காப்பாற்றியது அம்மா கொடுத்த படிதான். ஏதோ ஒரு செல்லில் அதுவும் பழுதுபட்டுப்போக, அந்தச் செல்லுக்குப் பார்த்து எழுதும் வழி அடைபட்டது. பிறகு நறுக்கி ஒட்டும் வழிகள்தான். ஒட்டுமேல் ஒட்டாகப் பிழைகள் சேர்ந்தன. இதை அக்காவிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் வார்த்தை, "அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

*

இந்த மரபணு இருப்பதையே முதலில் நிறுவியவர் மேரி கிளேர் கிங். மார்பகப் புற்றுநோய்போன்ற பரவலான நோய்க்கு ஒற்றை மரபணு காரணமாக இருக்க முடியாது என்று பலரும் நினைத்த காலத்தில், ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் குடும்ப வரலாறுகளைச் சேர்த்தார். 23 குடும்பங்கள், அவற்றில் 146 நோயாளிகள். இளவயதில் நோய் வந்த குடும்பங்களை முன்னால் வைத்து வரிசைப்படுத்தியபோது விடை துலங்கியது. 17ஆம் குரோமோசோமில் ஓரிடத்தை 1990இல் அவர் சுட்டிக்காட்டினார். அந்த ஆய்வுக்கு ஆதாரம் குடும்பங்கள் நினைவில் வைத்திருந்த சாவுகள். பாட்டி எந்த வயதில் போனாள், அத்தைக்கு எங்கே கட்டி வந்தது என்று யாரோ ஞாபகம் வைத்திருந்து சொன்னதால் அது முடிந்தது.

மரபணுவை 1994இல் பிரித்தெடுத்தது வேறொரு குழு. அதில் ஒரு நிறுவனம் இருந்தது. அது காப்புரிமை வாங்கிக்கொண்டது. பல ஆண்டுகள் அமெரிக்காவில் இந்தப் பரிசோதனையை அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாரும் வணிகமாகச் செய்ய முடியவில்லை. கட்டணம் 3,000 டாலருக்கு மேல். அறிவியலாளர்களும் நோயுற்ற பெண்களும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். இயற்கையில் உள்ள மரபணுவுக்கு யாரும் காப்புரிமை கோர முடியாது என்று 2013இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இந்த மரபணுவுக்கும் முறிவுச் செப்பனுக்கும் உள்ள உறவை நிறுவியதில் மரியா ஜேசினுக்குப் பெரும் பங்கு உண்டு. பாலூட்டிகளின் செல்லில் வேண்டுமென்றே ஒரே ஓர் இடத்தில் இரட்டை முறிவை உண்டாக்கினால், செல் இன்னொரு படியைப் பார்த்து அதைச் சரிசெய்கிறது என்று 1994இல் அவருடைய ஆய்வகம் காட்டியது. பி.ஆர்.சி.ஏ.1 பழுதான செல்லில் இந்தத் திறன் குன்றிவிடுகிறது என்பதை 1999இல் மேரி எல்லன் மொய்னஹனும் ஜேசினும் வெளியிட்டார்கள். நேராக ஒட்டும் வழியைத் துலக்கியவர்களில் பெனலோப் ஜெகோ ஒருவர். எக்ஸ் கதிர் பட்டால் தாங்காத வெள்ளெலிச் செல்களை 1980களின் தொடக்கத்தில் அவர் பிரித்தெடுத்தார். அந்தச் செல்களில் இல்லாமல் போனது எது என்று பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது. முனையில் மோதிரம்போல மாட்டும் அந்தப் புரதம்தான். அதன் பெயர் 'கு'. 1981இல் ஜப்பானில் ஒரு நோயாளியின் ரத்தத்தை ஆராய்ந்தபோது தெரியவந்த புரதம் அது. அந்த நோயாளியின் பெயருடைய முதல் எழுத்துகளையே அதற்குப் பெயராக வைத்தார்கள். ஆங்கிலத்தில் இரண்டெழுத்து, தமிழில் ஒன்று. ஒரு மனிதரின் வரலாற்றில் மிஞ்சியது அவ்வளவு.

2020இல் மரபணுவை வெட்டும் கருவிக்காக எம்மானுவேல் ஷார்பாந்தியேவும் ஜெனிஃபர் டவுட்னாவும் நோபல் பெற்றார்கள். இரண்டு பெண்கள் மட்டும் சேர்ந்து பெற்ற முதல் அறிவியல் நோபல் என்று கொண்டாடினோம். கொண்டாட வேண்டியதுதான். அந்தக் கத்தரிக்கோல் வெட்ட மட்டுமே செய்கிறது. வெட்டிய பிறகு திருத்துவது இந்தப் பழைய ஒட்டுவேலைதான். அது செல்லுக்குள் வீட்டுவேலைபோல நடந்துகொண்டே இருப்பதால் தலைப்புச் செய்தி ஆவதில்லை.

இந்த அறிவு மருந்தாகவும் வந்திருக்கிறது. பார்த்து எழுதும் வழி அடைபட்ட புற்றுச் செல்லில், ஒற்றை இழை முறிவுகளைச் சரிசெய்யும் வேலையையும் தடுத்தால் அந்தச் செல் பிழைக்காது என்று 2005இல் இரண்டு குழுக்கள் காட்டின. நல்ல படி ஒன்று மிச்சமிருக்கும் மற்ற செல்கள் தாக்குப்பிடிக்கும். அப்படி வந்த ஒலாபரிப் என்னும் மாத்திரையை அமெரிக்கா 2014இல் சினைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதித்தது. இன்று அக்காவின் மருந்துப் பெட்டியில் அது இருக்கிறது.

*

அப்பா வழி என்று தெரிந்த பிறகு சங்கரன்கோவில் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். பெரியப்பா வீட்டில் குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு நோட்டு இருக்கிறது. வரி வாங்குவதற்காக நான்கு தலைமுறை ஆண்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார்கள். அப்பாவோடு பிறந்தவர்கள் ஐந்து பேர். நோட்டில் மூன்று பேர். இரண்டு அத்தைகளும் அதில் இல்லை. கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டுக் கணக்கு.

"அத்தைங்க எப்படிப் பெரியப்பா செத்தாங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்குத் தாயி கிளறுத? வீட்ல ரெண்டு பிள்ளைய கல்யாணத்துக்கு நிக்குல்லா" என்றார்.

பெரிய அத்தை வாழ்ந்த ஊர் கமுதிப் பக்கம். அவள் மகள், என் மதினி, இன்னும் அங்கேதான் இருக்கிறாள். "வயித்துவலி வயித்துவலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. சூட்டுவலின்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. வயிறு ஊதின பொறவுதான் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். 46 வயசு" என்றாள். சின்ன அத்தையைப் பற்றியும் அவளே சொன்னாள். மார்பில் வந்த கட்டியை முந்தானைக்குள் மறைத்து ஒரு வருஷம் யாரிடமும் காட்டவில்லை. புண்ணாகி வாடை வந்த பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்ததாம். இரண்டு சாவுக்கும் அப்பா நீர்மாலை எடுத்துப் போயிருக்கிறார். எங்களிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் எல்லாம் நல்லபடியாக ஒட்டி மூடியிருந்தது. இடையில் இரண்டு பெண்கள் போயிருந்தார்கள்.

மரபணு ஆலோசகர்கள் குடும்பத்தை ஒரு படமாக வரைவார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மதினி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் வரைந்தேன். பெயர், பிறந்த ஆண்டு, வந்த நோய், போன வயது. அவளுக்குத் தெரிந்ததை அவள் சொன்னாள். அடுத்த வீட்டுக் கிழவி கொஞ்சம் திருத்தினாள். வட்டங்கள் கூடிக்கொண்டே போயின. ஊருக்குத் திரும்பியதும் படம் எடுத்து, முகவரி தெரிந்த பெண்கள் எல்லோருக்கும் அனுப்பினேன். நானும் பரிசோதித்துக்கொண்டேன். என் முடிவு அவர்களுக்குத் தெரியும். இந்தக் கட்டுரைக்கு அது தேவையில்லை.

அம்மாவிடமும் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். அக்காவின் மாமியாரிடம் காட்டலாமா என்று கேட்டேன். "வேண்டாம். அவங்க என்ன செய்வாங்க, அவங்களுக்கும் அப்படித்தான சொல்லிக் கொடுத்திருக்கு" என்றாள்.

பெரியப்பா என்னோடு இப்போது பேசுவதில்லை. போன மாதம் அவருடைய பேத்தி, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பேரில் மூத்தவள், போன் செய்தாள். "அத்தை, அந்தப் படத்த தாத்தா என்கிட்ட காட்டல. எனக்கும் ஒண்ணு அனுப்புங்க" என்றாள்.

அனுப்பிவிட்டேன்.